அணையில் விரல் வைத்த பையனும், அணை வேண்டாம் என்ற பையனும்

நமக்கெல்லாம் தெரிந்த டச்சுக்காரன் ஒருவன் உண்டு. சின்னப் பையன். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் கடலணையில் ஓர் ஓட்டையிலிருந்து தண்ணீர் கசிவதைப் பார்க்கிறான். விரலை வைத்து அடைக்கிறான். ராத்திரி முழுக்கக் குளிரில் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். விடியும்போது ஊர் பிழைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு டீச்சர் இதைச் சொல்லி, "பார்த்தீங்களா, உங்க வயசுதான் அவனுக்கும்" என்று ஒரு இடி இடித்திருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையை உலகம் முழுக்கப் பரப்பியது ஒரு அமெரிக்க நாவல். மேரி மேப்ஸ் டாட்ஜ் என்பவர் 1865-இல் எழுதிய 'ஹான்ஸ் பிரிங்கர்'. எழுதும்போது அவர் நெதர்லாந்தைப் பார்த்ததுகூட இல்லை. அப்புறம் வெளிநாட்டுப் பயணிகள் வந்து "அந்தப் பையன் எங்கே?" என்று கேட்கப்போய், 1950-இல் ஸ்பார்ன்டாம் என்ற ஊரில் அவனுக்கு ஒரு சிலையே வைத்துவிட்டார்கள். டச்சுக் கடலணை என்பது அகலமான மண்கரை. அதில் உடைப்பு எடுத்தால் விரல் இல்லை, லாரி லாரியாக மண் கொட்டினாலும் நிற்காது. கதைக்கு அதெல்லாம் எதற்கு!

நான் எழுத வந்தது இவனைப் பற்றி இல்லை. அந்த நாவல் வந்து சரியாக நூறு வருடம் கழித்து, 1965-இல், நிஜமான ஒரு டச்சுப் பையன் வந்தான். பெயர் கேஸ் வேவர்ஸ். வயது 16, பள்ளி மாணவன். அவன் அணையைக் காப்பாற்றவில்லை. கட்டப்போகிற அணை வேண்டாம் என்றான். காப்பாற்ற நினைத்தது ஒரு சேற்றுவெளியையும் அதை நம்பி வருகிற பறவைகளையும்.

இவனுக்குச் சிலை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அவன் செய்தது ஏன் பலித்தது என்பதுதான் என் கேள்வி. ஏனென்றால் நெதர்லாந்தில் அணைக்கு எதிராகப் பேசுவது என்பது தஞ்சாவூரில் நின்றுகொண்டு நெல்லுக்கு எதிராகப் பேசுவது மாதிரி.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தின் வடக்குக் கரையில் தொடங்கி, ஜெர்மனி வழியாக டென்மார்க் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலோரமாகத் தீவுகள் வரிசையாக நிற்கின்றன. தீவுகளுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற ஆழமில்லாத கடல்தான் வாடன் கடல். கடல் என்று சொன்னாலும் பாதி நேரம்தான் அது கடல். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஓதம் ஏறும், இரண்டு தடவை வற்றும். வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் மணலும்தான். தெரிந்த வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் தரையிலிருந்து தீவுக்கு நடந்தே போகலாம். அதற்கென்று டச்சில் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது.

பார்க்க ஒன்றுமே இல்லாத இடம். ஆனால் அந்தச் சேற்றுக்குள்தான் விஷயம். மட்டி, சிப்பி, புழு, நத்தை என்று மண்ணுக்குள் அவ்வளவு தீனி. சைபீரியாவிலும் கிரீன்லாந்திலும் கனடாவின் வட கோடியிலும் குஞ்சு பொரித்துவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போகிற பறவைகளும், திரும்பி வருகிற பறவைகளும் இங்கே இறங்கித்தான் கொழுப்பு ஏற்றிக்கொள்கின்றன. வருடத்துக்கு ஒரு கோடி முதல் 1.2 கோடி பறவைகள் இந்த இடத்தைப் பயன்படுத்துகின்றன என்பது யுனெஸ்கோ சொல்கிற கணக்கு. நாட் என்று ஓர் உள்ளான் வகை இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சைஸ். மட்டியை ஓட்டோடு முழுங்கி, இரைப்பையிலேயே நொறுக்கிவிடும். ஈர மணலில் அலகைக் குத்தும்போது ஏற்படுகிற அழுத்தத்தை அலகு நுனியே உணர்ந்து, உள்ளே மட்டி எங்கே புதைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. இந்தச் சேறு போனால் அதற்கு வேறு சாப்பாட்டுக் கடை கிடையாது. வழியில் பெட்ரோல் பங்க் மூடியிருந்தால் வண்டி நிற்பதுபோல நின்றுவிடும்.

இனி டச்சுக்காரர்கள் பக்கம். நாட்டில் ஏறத்தாழ கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே. பல நூற்றாண்டுகளாக அணை கட்டி, காற்றாலையால் தண்ணீரை இறைத்து, கடலை வயலாக மாற்றியவர்கள். அப்படி மீட்ட நிலத்துக்குப் பெயர் போல்டர். 1932-இல் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அணை கட்டி, தெற்குக் கடல் எனப்பட்ட ஸௌடர்ஸே என்ற முழு வளைகுடாவையே மூடிவிட்டார்கள். உப்புக் கடல் நன்னீர் ஏரியானது. அங்கே மத்தி மீன் இனத்தையும் நெத்திலியையும் நம்பியிருந்த மீனவர்கள் தொழிலை இழந்தார்கள். ஆனாலும் நாட்டுக்கு அது பெருமை. எனக்கும், ஒரு எஞ்சினியராக, அந்த அணையின் படத்தைப் பார்க்கும்போது மலைப்புதான் வருகிறது. மறைப்பானேன்.

அப்புறம் 1953. பிப்ரவரி 1-ஆம் தேதி விடியலுக்கு முன் புயலோடு சேர்ந்து கடல் பொங்கி, தென்மேற்கு நெதர்லாந்தில் அணைகள் உடைந்து, 1,836 பேர் செத்துப்போனார்கள். ஒரு தலைமுறையே அந்த இரவை மறக்கவில்லை. அதன் பிறகு கழிமுகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மூடுகிற மாபெரும் திட்டம் தொடங்கியது. வடக்கேயும் அதே பேச்சு. வாடன் கடலின் ஒரு கையான லவர்ஸே விரிகுடாவை மூடச் சொல்லி அந்த வட்டாரத்து ஜனங்களே கேட்டார்கள். 1969-இல் அது மூடப்பட்டது. இதையெல்லாம் இன்றைக்கு நம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "இயற்கை அழிப்பு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடக் கூடாது. அண்டை வீட்டுக்காரன் மிதந்துபோனதைப் பார்த்தவர்கள் கேட்டது பாதுகாப்பு.

இந்தச் சூழலில்தான் அறுபதுகளில் ஆமெலாந்து தீவுக்கு இரண்டு அணைகள் போடுகிற யோசனை சூடு பிடித்தது. தரையிலிருந்து தீவுக்கு இரண்டு பக்கமும் அணை போட்டால் ரோடும் ஆச்சு, நடுவில் அகப்பட்ட கடலை வடித்தால் நிலமும் ஆச்சு. இது புது யோசனையும் அல்ல. 1872-லேயே ஹோல்வெர்ட் கரையிலிருந்து ஆமெலாந்துக்கு ஒரு அணை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் சேறு படிந்து தானாகவே நிலம் வளரும் என்பது கணக்கு. பத்தே வருடத்தில், 1882-இல், புயல் அதை உடைத்துப் போட்டது. நூறு வருடத்துக்கு அப்புறம் இப்போது கையில் இருந்த இயந்திரங்களே வேறு. இந்தத் தடவை உடையாது.

வேவர்ஸ் அந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினான். அவ்வளவுதான் அவன் செய்த முதல் வேலை. அதைப் படித்தவர்கள் தொடர்பு கொண்டார்கள். 1965 அக்டோபர் 17-ஆம் தேதி ஹார்லிங்கன் துறைமுக ஊரில் கூடி, வாடன் கடலைக் காப்பதற்கான ஒரு தேசிய சங்கத்தைத் தொடங்கினார்கள். 'வாடன் சங்கம்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது இன்றும் இருக்கிறது. 1970-இல் அரசாங்கம் மஸூர் என்பவர் தலைமையில் ஒரு குழுவைப் போட்டது. வாடன் கடலில் அணை போட்டு நிலம் எடுப்பது சரியா என்று பார்க்கச் சொன்னது. 1974-இல் குழு அறிக்கை கொடுத்தது: பெரிய அளவில் வேண்டாம். 1980-இல் வாடன் கடலை இயற்கைப் பகுதியாகக் காப்பதே அரசின் கொள்கை என்று ஆனது. ஆமெலாந்துக்கு இன்றும் ரோடு கிடையாது. படகில்தான் போக வேண்டும்.

பதினாறு வயதுப் பையன் ஒருவன் கட்டுரை எழுதினான், பதினைந்து வருடத்தில் ஒரு தேசம் தன் முந்நூறு வருடப் பழக்கத்தை மாற்றிக்கொண்டது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கிறது. வாட்ஸப்பில் ஃபார்வர்டு செய்ய ஏற்ற கதை. ஆனால் இது விரலால் அணையை அடைத்த கதையின் இன்னொரு வடிவம்தான். ஒரே ஒரு பையன், ஒரே ஒரு வீரச்செயல். சாஃப்ட்வேர் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டதால் "ஓவர்நைட் சக்ஸஸ்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு முந்தைய பத்து வருட லாகைத் தேடிப் பார்க்கத் தோன்றும். இங்கே அந்த லாக் அறுபது வருடம் பின்னால் போகிறது.

1904. ஆம்ஸ்டர்டாம் நகரசபைக்குக் குப்பை கொட்ட இடம் வேண்டும். பக்கத்தில் நார்டர்மேர் என்று ஓர் ஆழமில்லாத ஏரி. நாணலும் சதுப்பும்தான், யாருக்கும் பயனில்லை. கொட்டிவிடலாம் என்று முடிவாகிற நேரத்தில் யாக் தெய்ஸ் என்கிற பள்ளி ஆசிரியர் பத்திரிகையில் எழுதினார். அந்த ஏரியில் கரண்டிவாயன் கூடு கட்டுகிறது என்றார். நம் வேடந்தாங்கலில் பார்க்கிறோமே, வெள்ளை உடம்பும் கரண்டி மாதிரி அலகுமாக, அதே பறவை, அதே இனம். திட்டம் கைவிடப்பட்டது. 1905-இல் ஒரு சங்கம் தொடங்கி, 1906-இல் ஏரியை விலைக்கே வாங்கிவிட்டார்கள். அது நெதர்லாந்தின் முதல் இயற்கைக் காப்பிடம். (நம் ஊரில் பள்ளிக்கரணையில் குப்பை கொட்டியது எத்தனை வருடம் என்று நினைத்துக்கொண்டேன். அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

இந்த தெய்ஸ் சாதாரண ஆளில்லை. ஏரியைக் காப்பாற்றியதைவிடப் பெரிய காரியம் ஒன்றை அதற்கடுத்து செய்தார் என்பது என் அபிப்பிராயம். வெர்காடே என்று ஒரு பிஸ்கட் கம்பெனி. பாக்கெட்டுக்குள் கலர் படம் வைத்து விற்றார்கள். படங்களைச் சேர்த்து ஒட்ட ஓர் ஆல்பம். ஆல்பத்தில் படங்களுக்கு நடுவே வாசிக்க, தெய்ஸ் எழுதிய பாடம். 1906-இல் முதல் ஆல்பம் 'வசந்தம்'. அப்புறம் கோடை, இலையுதிர், பனி என்று வருடத்துக்கு ஒன்று. 1912-இல் நார்டர்மேர் ஏரிக்கே ஓர் ஆல்பம். 1927-இல் 'டெக்ஸல்'. டெக்ஸல் என்பது வாடன் கடல் தீவுகளில் ஒன்று. தெய்ஸ் இளம் வயதில் அங்கே ஆசிரியராக இருந்திருக்கிறார்.

பபிள்கம் வாங்கி கிரிக்கெட் வீரர் படம் சேர்த்த தலைமுறை நான். அந்தப் படங்களுக்காக எவ்வளவு பபிள்கம்மைத் துப்பியிருப்போம் என்பது எனக்குத் தெரியும். அதே வெறியோடு ஒரு நாட்டுப் பிள்ளைகள் இருபது முப்பது வருடம் உள்ளானையும் ஆலாவையும் கடற்பூவையும் சேர்த்திருக்கிறார்கள் என்றால், அதன் பலனை யோசித்துப் பாருங்கள். 1965-இல் வேவர்ஸின் கட்டுரை வந்தபோது அதைப் படித்த நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் அந்த ஆல்பங்களோடு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு "வாடன் கடல்" என்றால் காலிச் சேறு இல்லை. பெயர் தெரிந்த பறவைகள் இருக்கிற இடம்.

படம் ஒட்டுவதோடு நிற்கவில்லை. 1920-இல் டச்சு இளைஞர் இயற்கை ஆய்வுக் கழகம் என்று ஒன்று தொடங்கியது. டச்சில் எழுத்துகளைச் சேர்த்து 'என்.யே.என்.' என்பார்கள். இதன் விசேஷம், பெரியவர்களே கிடையாது என்பதுதான். தலைவர், பொருளாளர், முகாம் பொறுப்பாளர், பத்திரிகை ஆசிரியர் எல்லாரும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். ஆண், பெண் இருவரும் சேர்ந்தே முகாம் போவார்கள். குறிப்பிட்ட வயது தாண்டியதும் வெளியே போய்விட வேண்டும். அப்படி வெளியே போனவர்களுக்கு உறுப்பினர்கள் வைத்த பட்டப்பெயர் "பழைய சாக்ஸ்". பத்திரிகையின் பெயர் 'அமீபா'.

இந்தப் பழைய சாக்ஸ்களின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். நிக்கோ டின்பெர்கன், விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973-இல் நோபல் வாங்கியவர், பையனாக இந்தக் கழகத்தில் இருந்தவர். பின்னாளில் பறவைச் சூழலியலில் பேர் வாங்கிய அவர் தம்பி லூக்கும் அப்படியே. விக்டர் வெஸ்ட்ஹாஃப், தாவர சமூகங்களை ஆராய்ந்தவர், டெக்ஸல் உட்பட வாடன் தீவுகளின் மணல்மேட்டுத் தாவரங்களைப் பற்றித்தான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். அவரும் இங்கே இருந்து வந்தவர். அந்தத் தலைமுறை டச்சு உயிரியலாளர்களில் பலர் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன்பே, பதினாலு பதினஞ்சு வயதில், கொட்டகையில் வைக்கோல் மேல் படுத்து, விடிகாலையில் எழுந்து, நோட்டும் பென்சிலுமாகப் பறவை பார்த்தவர்கள். மஸூர் குழு மாதிரி ஒரு குழு "இந்தச் சேற்றில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்கிற காலம் வந்தபோது பதில் சொல்ல நாட்டில் ஆள் இருந்தது.

பதில் என்றால் எண்ணிக்கை. இங்கேதான் எனக்கு இந்த வரலாற்றில் ருசி தட்டியது.

வாடன் கடலில் பறவையை எப்படி எண்ணுவீர்கள்? கடல் வற்றியிருக்கும்போது அவை ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் சிதறி மேய்கின்றன. கிட்டேகூடப் போக முடியாது. ஓதம் ஏற ஏறச் சேறு சுருங்கும், பறவைகள் பின்வாங்கி, கடைசியில் கரையோரப் புல்வெளியிலும் மணல்திட்டிலும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் அவகாசம். ஆனால் ஒரு திட்டில் எண்ணி முடித்துவிட்டு அடுத்த தீவுக்குப் போனால், நீங்கள் எண்ணிய அதே கூட்டம் பறந்து அங்கே வந்து நிற்கும். அப்பட்டமான டபுள் கவுன்ட். ஆகவே எல்லாத் தீவிலும் எல்லாக் கரையிலும் ஒரே நாளில், ஒரே ஓதத்தில், ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும். எல்லாருக்கும் பறவை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். தூரத்தில் சாம்பல் நிறத்தில் அசைகிற கூட்டத்தைப் பார்த்து, முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்து, அதைக்கொண்டு நூறு, ஆயிரம் என்று அளக்கத் தெரிய வேண்டும். ஜனவரிக் குளிர்காற்றில் நிற்கவும் வேண்டும். சம்பளம் கொடுத்து இப்படி ஒரு படையைத் திரட்ட எந்த அரசாங்கத்தாலும் முடியாது. இந்தக் கணக்கெடுப்புகளின் பெரும்பகுதி இன்றும் சம்பளம் வாங்காதவர்கள் செய்வதுதான்.

1967 முதல் ஒவ்வொரு ஜனவரியும் பல நாடுகளில் ஒரே சமயத்தில் நீர்ப்பறவை எண்ணுகிற வழக்கம் வந்தது. 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் ஈரநிலங்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஓர் இடம் உலக முக்கியத்துவம் வாய்ந்ததா என்பதை முடிவு செய்ய, அங்கே எத்தனை பறவை வருகிறது, அந்த இனத்தின் மொத்தத்தில் அது எத்தனை சதவீதம் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு சதவீதம் என்பது எல்லைக்கோடு. அழகாக இருக்கிறது, பாவமாக இருக்கிறது என்பதெல்லாம் போய், அமைச்சர் மேசையில் வைக்கக்கூடிய ஓர் எண் வந்தது.

ஆனால் எண் ஓர் இடத்தோடு நிற்கவில்லை. வாடன் கடலில் ஆகஸ்டில் பார்க்கிற நாட்டும் பட்டைவால் மூக்கனும் குளிர்காலத்தில் எங்கே போகின்றன? மேற்கு ஆப்பிரிக்காவில், மொரித்தானியா நாட்டில், சஹாரா பாலைவனம் வந்து கடலைத் தொடுகிற இடத்தில் பாங்க் தார்கன் என்று இன்னொரு சேற்றுவெளி இருக்கிறது. 1973-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சேர்ந்து ஒரு பயணம் போய் எண்ணினார்கள். 1980 ஜனவரியில் டச்சுக்காரர்கள் ஒரு குழு போனது. பெரும்பாலும் மாணவர்கள். அதில் தியூனிஸ் பியர்ஸ்மா என்பவருக்கு இருபத்திரண்டு வயதுகூட ஆகவில்லை. பாலைவனத்து ஓரத்தில் தங்கி, கூறு கூறாகப் பிரித்து எண்ணி, இரண்டு வருடம் கழித்து அறிக்கை போட்டார்கள். இருபது லட்சத்துக்கு மேல் கரைப்பறவைகள். வாடன் கடலும் பாங்க் தார்கனும் ஒரே சங்கிலியின் இரண்டு முனை என்பது அந்த எண்ணால்தான் மறுக்க முடியாததாக ஆயிற்று. ஒரு முனையை அறுத்துவிட்டு மறுமுனையைக் காப்பாற்ற முடியாது. பியர்ஸ்மா பின்னாளில் பேராசிரியரானார். நாட் பறவையின் ஒரு கிளையினத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். மட்டிகளை அலகு எப்படி உணர்கிறது என்று மேலே சொன்னேனே, அது அவரும் கூட்டாளிகளும் கண்டுபிடித்தது.

ஜெர்மன் பக்கம் வேறு வழியில் போனார்கள். அங்கே கட்டாய ராணுவ சேவை இருந்த காலத்தில், துப்பாக்கி தூக்க மாட்டேன் என்ற இளைஞர்கள் அதற்குப் பதிலாக வேறு பொதுப்பணி செய்யலாம். அவர்களில் சிலர் வாடன் தீவுகளுக்குப் பறவைக் காவலர்களாக வந்தார்கள். 1993-இல் 'தன்னார்வ சூழலியல் ஆண்டு' என்று நாடு தழுவிய சட்டமே வந்தது. பள்ளி முடித்த பிள்ளை ஒரு வருடம், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசோடு, ஒரு தீவில் தங்கிப் பறவை எண்ணலாம், பள்ளிக் குழந்தைகளைச் சேற்றில் நடக்கக் கூட்டிப் போகலாம். நம் ஊரில் பிளஸ் டூ முடித்த பையனை ஒரு வருடம் பறவை எண்ண அனுப்புகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பார்க்க வேண்டும்!

இத்தனைக்கும் பிறகு வாடன் கடல் 2009-இல் உலகப் பாரம்பரியக் களமானது. டென்மார்க் பகுதி 2014-இல் சேர்ந்தது. எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். அணையை நிறுத்திய நாட்டிலேயே, அணை இல்லாத அந்தச் சேற்றை மட்டி அள்ளுகிற இயந்திரப் படகுகள் வருடக்கணக்கில் உழுது தள்ளின. நாட் பறவையின் சாப்பாட்டைத்தான் அள்ளின. விஞ்ஞானிகளும் வாடன் சங்கமும் கத்திக் கத்தி 2004-இல்தான் அதை நிறுத்த முடிவெடுத்தார்கள். அதே சமயத்தில், கடலுக்கு அடியிலிருந்து இயற்கை எரிவாயு எடுக்க நிபந்தனைகளோடு சம்மதமும் கொடுத்தார்கள். ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்குவது அரசாங்கங்களுக்கு எங்கேயும் கைவந்த கலை. 1969-இல் மூடிய லவர்ஸே விஷயம் இன்னும் வினோதம். மூடியபின் உப்பு போய் நன்னீராகி, வாத்துகளும் நாணல் பறவைகளும் வந்து சேர, 2003-இல் அதை தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பறவைகள் வந்தன, உண்மைதான். ஆனால் வந்தவை வேறு பறவைகள்.

எண்ணிக்கை இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. தென்கொரியாவைப் பார்க்கலாம். மேற்குக் கரையில் சேமான்கும் என்ற இடத்தில், இரண்டு ஆறுகள் கலக்கிற கழிமுகத்தில், 33 கிலோமீட்டருக்கு மேல் நீளமான கடலணை. டச்சு அணையைவிட நீளம் என்பதில் அவர்களுக்குப் பெருமை. வேலை 1991-இல் தொடங்கியது, நெல் விளைவிக்க நிலம் வேண்டும் என்று. சுமார் 400 சதுர கிலோமீட்டர் சேறும் ஆழமற்ற கடலும் உள்ளே மாட்டின. 2000-இல் அங்கே சிறுவர் சிறுமியர் பெயரிலேயே ஒரு வழக்குப் போட்டார்கள்: இந்தச் சேறு வளர்ந்த பிறகு எங்களுக்கும் வேண்டும் என்று. நிற்கவில்லை. பெரியவர்கள் நடத்திய வழக்கும் 2006 மார்ச்சில் உச்சநீதிமன்றத்தில் தோற்றது. அடுத்த மாதமே அணையின் கடைசி இடைவெளியை அடைத்தார்கள்.

இந்தப் பறவைகள் பக்கத்துச் சேற்றுக்குப் போய்விடும், ஒன்றும் ஆகாது என்பது சொல்லப்பட்ட சமாதானம். 2006 முதல் 2008 வரை கொரியர்களும் ஆஸ்திரேலியர்களும் சேர்ந்து மூன்று வருடம் எண்ணினார்கள். பெரிய நாட் என்கிற பறவை, சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா போகிற வழியில் மஞ்சள் கடலை நம்பியிருப்பது, சேமான்குமில் பல்லாயிரக்கணக்கில் குறைந்தது. பக்கத்து இடங்களில் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஆஸ்திரேலியாவிலும் போய்ச் சேரவில்லை. 2015-இல் அந்த இனத்தை 'அருகிவருவது' என்ற பட்டியலுக்கு உயர்த்தினார்கள். உயர்த்தினார்கள் என்று எழுதும்போதே கை கூசுகிறது.

ஏன் அங்கே முடிந்தது இங்கே முடியவில்லை? கொரியப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் குறைவில்லை. வழக்கே போட்டவர்கள். என் ஊகம், அவர்களுக்குப் பின்னால் பிஸ்கட் ஆல்பமும் அமீபா பத்திரிகையுமாக அறுபது வருடம் இல்லை. ராணுவ ஆட்சியிலிருந்து அந்த நாடு வெளியே வந்தே அப்போது சில வருடம்தான். அணை பாதி கட்டியபிறகுதான் எண்ண ஆரம்பித்தார்கள். டச்சுக்காரர்களுக்கு வரிசை நேர்மாறாக அமைந்தது.

ஆனால் அவர்கள் எண்ணுவதை விடவில்லை. 2003-இல் உள்ளூர் ஜனங்கள் தொடங்கிய ஒரு குடிமக்கள் ஆய்வுக் குழு, அணை மூடிய பிறகும், எல்லாம் முடிந்தது என்று சூழலியல் இயக்கங்களே கலைந்துபோன பிறகும், சம்பளம் இல்லாமல் போய் எண்ணிக்கொண்டிருந்தது. அணைக்குள்ளே ஓதம் எட்டாமல் காய்ந்துகொண்டிருந்த சூரா என்கிற ஒரு துண்டுச் சேற்றில் இன்னும் பறவைகள் வருகின்றன என்று பதிவு செய்தது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன சின்னப் பையன், வளர்ந்து, தானே பைனாகுலரோடு போகிற அளவுக்கு வருடங்கள் ஓடின. 2023-இல் திரைக்கு வந்த 'சூரா' என்ற ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம். கிடைத்தால் பாருங்கள்.

அந்தச் சூரா மேல்தான் புது விமான நிலையத்தின் ஓடுபாதை வருவதாக இருந்தது. 2025 செப்டம்பரில் சியோல் நிர்வாக நீதிமன்றம் அந்தத் திட்டத்தின் அடிப்படை வரைவை ரத்து செய்தது. தீர்ப்பில் சொன்ன முக்கியமான காரணம், விமானத்தில் பறவை மோதும் அபாயத்தை அதிகாரிகள் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்பது. அங்கே எத்தனை பறவை இருக்கிறது என்று எண்ணி வைத்திருக்காவிட்டால் யாரும் இந்த வாதத்தை எடுத்து வைத்திருக்கவே முடியாது. அரசாங்கம் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது.